திரிபலாவுக்குக் காய் பொறுக்குபவருக்கு என்ன கிடைக்கிறது?

வயிறு சரியில்லை என்றால் எங்கள் வீட்டில் அப்பத்தா முதலில் தேடுவது திரிபலா சூரண டப்பாவைத்தான். கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றையும் காயவைத்து, கொட்டையை நீக்கி, இடித்துச் சலித்தால் திரிபலா. இவற்றில் நெல்லியை இப்போது தோப்பு போட்டு வளர்க்கிறார்கள். கடுக்காயும் தான்றிக்காயும் பெரும்பாலும் இன்னும் காட்டிலிருந்தே வருகின்றன. அவற்றை யாரும் விதைக்கவில்லை, தண்ணீர் பாய்ச்சவில்லை. மலையில் தானாக நிற்கும் மரத்தடியில் யாரோ குனிந்து பொறுக்கி, சாக்கில் கட்டி, சுமந்து இறக்கிய காய் அது.

அப்படிப் பொறுக்குபவர்கள் நம் நாட்டின் மிக ஏழைக் குடும்பங்களில் இருப்பவர்கள். அவர்கள் எடுக்கும் பொருளுக்குக் கடையில் நல்ல விலை இருக்கிறது. பிறகு ஏன் ஏழ்மை? இந்த வியாபாரத்தைக் காடும் அழியாமல், அவர்கள் கையிலும் காசு நிற்கும்படி நடத்த முடியுமா? உலகம் முழுக்கப் பல இடங்களில் இதற்கான முயற்சிகள் நடக்கின்றன. இந்த விஷயத்துக்குப் புதியவர்களுக்காக, அதன் அடிப்படையைத் திரிபலாவின் மூன்று காய்களை வைத்தே சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு சொல். காட்டில் தானாக விளைவதைச் சேகரிப்பதற்கு அரசாங்க மொழியில் ‘சிறு வன மகசூல்’ என்று பெயர். வெட்டுமரம் இதில் சேராது. சீயக்காய், பூந்திக்காய், கல்பாசி, தேன், மெழுகு, துடைப்பப் புல், மூங்கில், மருந்து வேர்கள் எல்லாம் இதில் அடங்கும். மத்திய இந்தியாவில் பீடி இலையும் இலுப்பைப் பூவும் இந்த வகையில் பெரிய பொருள்கள். தேக்கையும் சந்தனத்தையும் எண்ணிக் கணக்கு எழுதிய காலத்தில் இவற்றுக்குச் ‘சிறு’ என்ற அடைமொழி வந்தது. மலைக் குடும்பத்தின் கணக்கில் இது சிறியதே இல்லை. கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் வாழும் சோளகர் பழங்குடியினருக்கு 1990களில் கையில் புழங்கிய வருமானத்தில் ஏறத்தாழ பாதி இப்படித்தான் வந்தது.

கடுக்காயின் பயணம்

கடுக்காய்க்கு மருந்துக் கடையில் மட்டும்தான் கிராக்கி என்று நினைக்க வேண்டாம். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் பதனிடும் தொழிலில் ஆவாரம்பட்டையோடு கடுக்காய்க்கும் நீண்ட காலமாக இடம் உண்டு. கலம்காரித் துணியைச் சாயத்துக்குத் தயார் செய்யக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில்தான் முக்குகிறார்கள். பழைய சுண்ணாம்புக் கட்டடங்களின் காரையில் கடுக்காய்த் தண்ணீர் ஊற்றினார்கள், இப்போது பழைய முறையில் வீடு கட்டுபவர்களும் அதைத் தேடுகிறார்கள். இத்தனை பேருக்குத் தேவைப்படும் காய், மரத்தடியில் மட்டும் ஏன் மலிவாக இருக்கிறது?

ஒரு வருஷத்தை மனதில் ஓட்டிப் பாருங்கள். மழைக்காலத்தில் மலையில் கூலி வேலை குறைவு. வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வருகிறது, அல்லது பிள்ளையைப் பள்ளி விடுதியில் சேர்க்க வேண்டும். ஊருக்கு வந்து போகும் வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறார்கள். கடுக்காய் பருவம் பிறந்ததும் அந்தக் கடனைக் காயாகத் திருப்பித் தர வேண்டும். விலையை அவர்தான் சொல்வார், தராசும் அவருடையது. ஈரம் என்று கொஞ்சம் கழிவு, கல்லும் மண்ணும் என்று கொஞ்சம் கழிவு. வேறு யாரிடமும் விற்கவும் முடியாது, ஏனென்றால் காய் பறிக்கும் முன்பே விற்றாகிவிட்டது.

வியாபாரியை வில்லனாக்கிக் கதையை முடித்துவிடுவது எளிது. வங்கி வராத ஊருக்கு அவர்தான் வருகிறார், ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டினாலும் ஐநூறு ரூபாய் தருகிறார். அவர் நீட்டும் அந்தக் கைப்பணத்துக்கு மாற்று இல்லாதவரை எந்தத் திட்டம் வந்தாலும் காய் அவரிடம்தான் போகும். இது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவதால் பின்னால் மறுபடி வருகிறேன். ஒருவரை ஏமாற்றுவதற்குக் ‘கடுக்காய் கொடுப்பது’ என்று நம் மொழியில் சொல்கிறோம். இந்தக் கணக்கில் கடுக்காயைக் கொடுப்பவர்தான் ஏமாந்து நிற்கிறார்.

ஆதரவு விலை இருக்கிறதே என்று கேட்கலாம். சிறு வன மகசூலுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை தரும் திட்டத்தை மத்திய அரசு 2013-14-இல் கொண்டுவந்தது. 2020 மே மாதம் திருத்திய பட்டியலின்படி கிலோவுக்குக் கடுக்காய் 15 ரூபாய், தான்றிக்காய் 17 ரூபாய், காய்ந்த சீயக்காய் 50 ரூபாய், கொட்டை நீக்கிக் காயவைத்த நெல்லி 52 ரூபாய். ஒருவர் ஒரு நாளில் 20 கிலோ காய்ந்த கடுக்காய்க்கு ஈடாகப் பொறுக்குகிறார் என்று வைத்துக்கொண்டால் 300 ரூபாய். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்குக் கூலி 256 ரூபாய். யானை நடமாடும் காட்டில் நாள் முழுக்க அலைந்து, சுமந்து, பிறகு சில நாள் காயவைத்துக் கிடைக்கும் கூடுதல் அவ்வளவுதான். அதுவும் கொள்முதல் செய்யும் அமைப்பு பருவத்தில் மலைக்கு வந்து, எடை போட்டு, உடனே பணம் தந்தால்தான். வராவிட்டால் பட்டியலில் விலை இருந்தும் பலனில்லை.

நெல்லிக்காயில் இன்னொரு விஷயம் கவனியுங்கள். கொட்டை நீக்கிக் காயவைத்த பிறகுதான் அந்த 52 ரூபாய். பச்சைக் காயாகவே மூட்டை கட்டி அனுப்பினால் அந்த வேலைக்கான காசு கீழே இருப்பவருக்குப் போகும். மலையிலேயே செய்தால் மலையில் தங்கும்.

காய் யாருக்குச் சொந்தம்?

1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் ‘வனப்பொருள்’ எது என்று விளக்கும் இடத்தில் கடுக்காயைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. காட்டுக்குள் கிடைத்தாலும் சரி, வெளியே கிடைத்தாலும் சரி, அது வனப்பொருள்தான். அந்தக் காலத்து வழக்கப்படி காட்டின் ஒரு பகுதியில் காய் எடுக்கும் உரிமையை ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவருக்குத் தலைமுறையாக அங்கே வாழ்பவர் கூலிக்குப் பொறுக்கித் தருவார். தன் தாத்தா காலத்து மரத்தின் காய்க்கு அவர் கூலியாள்.

2006-இல் நிறைவேறிய வன உரிமைச் சட்டம் இதைத் தலைகீழாக மாற்றியது. வழிவழியாக எடுத்துவந்த சிறு வன மகசூலின் உடைமை உரிமை, எடுக்கும் உரிமை, பயன்படுத்தும் உரிமை, விற்கும் உரிமை எல்லாம் காட்டில் வாழும் பழங்குடியினருக்கும் மற்ற வனவாசிகளுக்கும் உண்டு என்றது. ஆனால் சட்டத்தில் இருப்பது தரைக்கு வர விதிகளில் ஒரு சின்ன வாசகம் போதும், அல்லது ஒரு சின்ன வாசகம் அதைத் தடுத்துவிடும். 2008-இல் வந்த விதிகள் இந்தப் பொருள்களைத் தலைச்சுமை, சைக்கிள், கைவண்டி ஆகியவற்றில் கொண்டுபோகலாம் என்றன. தலைச்சுமையாகச் சுமந்து எத்தனை மூட்டையைச் சந்தைக்கு இறக்க முடியும்? லாரி வைத்திருப்பவர் கேட்ட விலைக்குத்தான் கொடுக்க வேண்டும். 2012-இல் விதிகளைத் திருத்தித் தகுந்த வாகனம் எதிலும் கொண்டுபோகலாம், கூட்டாகப் பதப்படுத்தலாம், இருப்பு வைக்கலாம், கூட்டுறவுச் சங்கம் மூலம் விற்கலாம் என்று ஆக்கினார்கள். வறுமை ஒழிப்பு என்று நான் நினைக்கும்போது பெரிய நிதித் திட்டங்களைவிட இந்த ஒரு திருத்தம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேந்தா லேகா என்ற கோண்டு கிராமம் இந்த உரிமையை முதலில் கையில் பிடித்துக் காட்டிய ஊர்களில் ஒன்று. 2009-இல் காட்டின் மீது சமூக உரிமை பெற்றது. மூங்கிலை வெளியே கொண்டுபோகும் அனுமதிச் சீட்டை யார் எழுதுவது என்பதில் இழுபறி இருந்தது. 2011-இல் அன்றைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நேரில் வந்து அந்தச் சீட்டுப் புத்தகத்தைக் கிராம சபையிடம் ஒப்படைத்தார். சீட்டுப் புத்தகம் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் பேரம் பேசும் பலம் இருக்கிறது.

எடுத்துக்கொண்டே இருந்தால் காடு தாங்குமா?

நியாயமான கேள்வி. பதில், செடியின் எந்தப் பாகத்தை எடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. கீழே விழுந்த காயைப் பொறுக்கினால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. இலையை அளவாகக் கிள்ளினால் மறுபடி துளிர்க்கும். பட்டையை உரித்தால் மரம் சாகலாம். கிழங்கைத் தோண்டினால் செடியே போச்சு. ஊறுகாய்க்குப் பேர்போன மாகாளிக் கிழங்கு அப்படித்தான் பல மலைகளில் அரிதாகிவிட்டது. கல்பாசி பாறையிலும் மரப்பட்டையிலும் மிக மெதுவாக வளர்வது, சுரண்டி எடுத்தால் திரும்பி வர ஆண்டுகள் ஆகும். ஆக, எல்லாச் சிறு வன மகசூலுக்கும் ஒரே விதி வைக்க முடியாது.

காயிலும் ஒரு கணக்கு இருக்கிறது. நெல்லிக்காயைப் புள்ளிமான் விரும்பித் தின்னும். பிறகு எங்கோ படுத்து அசைபோடும்போது கொட்டையை வெளியே துப்பும். அப்படித்தான் நெல்லி காட்டில் புது இடத்துக்குப் போகிறது. எல்லாக் காயையும் நாமே எடுத்துவிட்டால் மானுக்கும் இல்லை, நாளைய நெல்லி மரமும் இல்லை. அவசரத்தில் கிளையை வெட்டிக் காயை உதிர்த்தால் இன்னும் மோசம். உரிமை இல்லாதவருக்கு அந்த அவசரம் வருவது இயல்பு. இன்று நான் எடுக்காவிட்டால் நாளை இன்னொருவர் எடுத்துவிடுவார் என்ற பயத்தில் பழுக்காத காயையும் உலுக்குவார்கள். காய் என்னுடையது, அடுத்த வருஷமும் என்னுடையது என்று உறுதியாகத் தெரிந்தவர்தான் பழுக்கும்வரை பொறுப்பார்.

பிலிகிரி ரங்கன் மலையில் நடந்ததைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சத்தியமங்கலம் காட்டை ஒட்டி, கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கும் மலை அது. 1974-இல் சரணாலயமானது. அங்கே சோளகர்கள் நெல்லிக்காய், தேன், கல்பாசி எடுத்து லேம்ப்ஸ் எனப்படும் பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கத்துக்கு விற்றார்கள். 1990களில் பெங்களூரின் ஏட்ரீ ஆய்வு நிறுவனத்தினர் சோளகர்களோடு சேர்ந்து மரங்களைக் கணக்கெடுத்தார்கள். பருவத்துக்கு முன்பே எத்தனை மரம், எவ்வளவு காய்ப்பு என்று மதிப்பிட்டு, எவ்வளவு எடுக்கலாம் என்று கூடிப் பேசினார்கள். இதுதான் இந்த வியாபாரத்தில் ‘நிலைத்து நிற்பது’ என்று சொல்வதன் நடைமுறை வடிவம்: எடுப்பவரே எண்ணிப் பார்த்து எடுப்பது.

நெல்லி மரங்கள் குறைந்துகொண்டு வந்தன. காய் பறிப்பதால்தான் என்று வெளியே இருந்து பார்த்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். சோளகர்கள் வேறு காரணம் சொன்னார்கள். அவர்கள் உப்பிலு என்று அழைக்கும் புல்லுருவி நெல்லி மரத்தில் ஒட்டி அதன் சாற்றை உறிஞ்சிக் கொல்கிறது. முன்பெல்லாம் கோடைக்கு முன்பாகவே சருகுக்குச் சின்னத் தீ வைப்போம், தரகு பெங்கி என்று பெயர், அதில் புல்லுருவியும் உண்ணிச்செடியும் கட்டுக்குள் இருந்தன, சரணாலயமானதும் தீயைத் தடுத்துவிட்டார்கள், இரண்டும் பெருகிவிட்டன என்றார்கள். பின்னால் வந்த ஆய்வுகளும் மரம் சாவதற்குக் காய் பறிப்பதைவிடப் புல்லுருவிதான் பெரிய காரணம் என்று காட்டின. காய் பறிக்க ஏறும் சோளகர்கள் அந்தப் புல்லுருவியை வெட்டி எறிந்துவிட்டுத்தான் இறங்குவார்கள். அதாவது காய் எடுக்கும் கை மரத்துக்கு வைத்தியமும் பார்த்துவந்தது.

2002-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் சரணாலயங்களிலிருந்து விற்பனைக்காகச் சேகரிப்பது நிறுத்தப்பட்டது, இந்த மலையிலும்தான். குடும்பங்களின் வருமானம் அப்படியே நின்றது. பலர் காப்பித் தோட்டங்களுக்கும் வெளியூருக்கும் கூலிக்குப் போனார்கள். மரத்தில் புல்லுருவியை வெட்ட ஆளில்லை. 2011-இல் மலை புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் வன உரிமைச் சட்டத்தின் கீழ் சோளகர்களின் சமூக உரிமை அங்கீகரிக்கப்பட்டது. புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் இப்படி உரிமை கிடைத்தது நாட்டிலேயே அதுதான் முதல் முறை. இடைப்பட்ட ஆண்டுகளில் மரமும் மனிதரும் சேர்ந்து இழந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

களமும் கைப்பணமும்

சரி, உரிமை கிடைத்துவிட்டது, மரமும் நிற்கிறது. விலை எப்படி ஏறும்? இங்கேதான் மிகச் சாதாரணமான விஷயங்கள் பெரிய வேலை செய்கின்றன. மண் தரையில் கொட்டிக் காயவைத்த கடுக்காயில் மண்ணும் ஈரமும் சேர்ந்து பூஞ்சை பிடிக்கும். மருந்து கம்பெனி அதை வாங்காது, வாங்கினாலும் அடிமட்ட விலைக்கு வாங்கும். அதே காயைச் சிமென்ட் களத்திலோ, தரையிலிருந்து உயர்த்திய வலைத்தட்டிலோ காயவைத்து, சொத்தையைப் பொறுக்கி, அளவு பார்த்துப் பிரித்து, எந்த மலை, எந்த மாதம் என்று சாக்கில் எழுதி வைத்தால் அது வேறு சரக்கு. ஒரு களம், சில தார்ப்பாய்கள், மழை நனையாத ஒரு கிடங்கு, நேர்மையான ஒரு தராசு. ஒரு குடும்பத்தால் இதைச் செய்ய முடியாது. ஐம்பது குடும்பம் சேர்ந்தால் முடியும்.

கூடவே முன்பு சொன்ன கைப்பணம். சங்கம் ஆரம்பித்து, நல்ல விலை பேசி, மூன்று மாதம் கழித்துப் பணம் தருகிறேன் என்றால் அரிசி வாங்கப் பணமில்லாத குடும்பம் என்ன செய்யும்? பழையபடி வியாபாரியிடம்தான் போகும். அதனால் காய் வந்த அன்றே பணம் தரும் அளவுக்குச் சங்கத்திடம் சுழலும் முதல் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் சின்னக் கடன் தரவும் வழி வேண்டும். நல்ல எண்ணத்தோடு தொடங்கிய பல சங்கங்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் மானியம் கிடைத்துவிடும். காயை வாங்கக் கையில் காசு வைத்துக்கொள்ள யாரும் மானியம் தருவதில்லை.

நீலகிரியில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. கோத்தகிரியில் இருக்கும் கீஸ்டோன் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம் 1993-இல் தொடங்கப்பட்டது, அது முதலில் கவனித்தது பழங்குடியினரின் தேன் எடுப்பை. பல ஆண்டு வேலைக்குப் பிறகு 2013-இல் ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் பிறந்தது. பங்குதாரர்கள் பழங்குடியினரே. தேன், மெழுகு, சீயக்காய் போன்றவற்றை மலை ஊர்களிலேயே வாங்கி, அங்கேயே உள்ள கூடங்களில் சுத்தம் செய்து பொருளாக்குகிறார்கள். அந்தக் கூடங்களில் வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் அந்த ஊர்ப் பெண்கள். 2021-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசு இந்த நிறுவனத்துக்குக் கிடைத்தது. தேன் ஆய்விலிருந்து உற்பத்தியாளர் நிறுவனம்வரை இருபது ஆண்டுகள். மூன்று வருஷத் திட்டமாகப் பணம் ஒதுக்குபவர்கள் இந்தக் கால அளவை மனதில் வைக்க வேண்டும்.

இனி தான்றிக்காய். மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதியில், மகாராஷ்டிரத்தின் பீமாசங்கர் காட்டுப் பக்கம், தான்றி மரத்தை விறகுக்கும் கரிக்கும் வெட்டிவந்தார்கள். வயதான பெரிய தான்றி மரப்பொந்துகளில் இருவாச்சிப் பறவை கூடு வைக்கும். பெண் பறவை பொந்துக்குள் போய் வாயிலை அடைத்துக்கொண்டு முட்டையிட, ஆண் பறவை ஒரு சின்னத் துளை வழியாக இரை ஊட்டும். மரம் போனால் பொந்து போயிற்று. அங்கே அப்ளைடு என்விரான்மென்டல் ரிசர்ச் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு மகாதேவ் கோலி மக்களோடு சேர்ந்து தான்றிக்காயை முறையாகச் சேகரித்து, ஃபேர்வைல்டு என்ற சர்வதேசச் சான்று பெற்று, பிரிட்டனின் புக்கா ஹெர்ப்ஸ் நிறுவனத்துக்கு விற்க ஏற்பாடு செய்தது. காட்டில் எவ்வளவு எடுக்கலாம், எடுப்பவருக்கு நியாயமான விலை போகிறதா என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் சான்று அது. ஒருமுறை வெட்டி விற்றால் முடிந்துபோகும் மரம், ஆண்டுதோறும் காய்க்குக் காசு தரும்போது வெட்டுபவர் யோசிக்கிறார்.

சான்றிதழைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். தணிக்கைக்கும் ஆவணங்களுக்கும் ஆகும் செலவைச் சின்னச் சங்கம் தனியாகத் தாங்காது. வாங்குபவர் அதில் பங்கெடுத்து, பல ஆண்டு வாங்குவேன் என்று வாக்கும் தந்தால்தான் அது உதவும்.

சந்தைக்குள் நுழைவதற்கே சில சமயம் கூட்டுப் பலம் தேவை. மன்னாரிலும் ராமேசுவரத்திலும் நாம் பார்க்கும் பெருக்கமரம் ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளில் தானாக வளர்ந்து நிற்கிறது. அதன் புளிப்பான பழச்சதை அங்கே காலங்காலமாக உணவு. ஆனால் 1997 மே மாதத்துக்கு முன் ஐரோப்பாவில் பரவலாக உண்ணப்படாத எதையும் ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவாக விற்கத் தனி அனுமதி வேண்டும். காய் பொறுக்கும் பெண்மணி ஒருவர் இதற்கு எப்படி விண்ணப்பிப்பார்? 2001-இல் உருவான ஃபைட்டோட்ரேட் ஆப்பிரிக்கா என்ற கூட்டமைப்பு அந்த வேலையைச் செய்தது, 2008-இல் அனுமதி கிடைத்தது.

கதவு திறந்த பிறகும் கவனம் தேவைப்படுகிறது. நெல்லிக்காய் அதற்குச் சாட்சி. கிராக்கி ஏறியதும் பி.எஸ்.ஆர்-1, என்.ஏ-7 போன்ற ரகங்களைச் சமவெளியில் தோப்பாக நட்டார்கள். தோப்புக் காய் பெரியது, லாரி மரத்தடிவரை வரும். காட்டு நெல்லிக்கு அதோடு விலையில் போட்டி போட முடியாது. அதனால்தான் இந்தத் துறையில் அனுபவம் உள்ளவர்கள் ஒரே பொருளை நம்பி ஒரு மலையையே இறக்கிவிடுவதில்லை. மார்கழியில் நெல்லி, பிறகு கடுக்காய், கோடையில் தேன், இடையில் கொஞ்சம் காப்பியும் மிளகும் ராகியும் என்று கலந்து வைத்தால் ஒன்று சறுக்கினாலும் மற்றொன்று தாங்கும். கடுக்காயும் தான்றியும் காய்ப்புக்கு வரப் பல ஆண்டுகள் எடுக்கும் பெரிய மரங்கள் என்பதால் அவற்றுக்கு அந்த அளவுக்குத் தோப்பு இன்னும் வரவில்லை. டப்பாவில் இருக்கும் மூன்றில் இரண்டு காய்களுக்கு மருந்து கம்பெனிகள் இப்போதைக்கு மலைக்குத்தான் வந்தாக வேண்டும். மலையில் இருப்பவர்கள் சங்கமாகச் சேர்ந்து, களத்தில் காயவைத்த சரக்கோடு உட்கார்ந்து விலை பேசுவதற்கு இது நல்ல நேரம்.